தாமாகத்தானே வருகிறார்கள்? கோத்தகிரி இளைஞர் ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில் இளைஞர் குழுவில் இருக்கிறேன். பிப்ரவரி 8 மனித வணிகத்துக்கு எதிரான செப நாள் என்று சொல்லி, பங்குத்தந்தை எங்களை மெழுகுவத்தி ஏற்றச் சொன்னார். ஏற்றினோம். ஆனால் எங்கள் மலையில் மனித வணிகம் எங்கே நடக்கிறது? தேயிலைக்கும் கேரட்டுக்கும் வடநாட்டிலிருந்து வருகிறவர்கள் தாமாகத்தானே வருகிறார்கள்? இதில் திருச்சபைக்கு என்ன வேலை? எங்களைப் போன்றவர்கள் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

பதில்:

தம்பி, "தாமாகத்தானே வருகிறார்கள்" என்று கேட்டீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். அது என் குடும்பக் கதை.

என் அப்பாவின் தாத்தாவும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சிலோனுக்குத் தாமாகத்தான் போனார். ஊரில் பஞ்சம். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வந்தார். அவர் அயலூர்க்காரர்கூட இல்லை, தூரத்துச் சொந்தம். வழிச்செலவுக்குக் கொஞ்சம், வீட்டில் அரிசி வாங்கிப்போடக் கொஞ்சம் என்று முன்பணம் கொடுத்தார். கண்டி மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த முன்பணத்தோடு கப்பல் கூலி, கம்பளி, வழியில் சாப்பிட்ட சாப்பாடு எல்லாம் சேர்ந்து கடனாக நின்றது. அன்றைக்கு அங்கே துண்டு முறை என்று ஒன்று இருந்தது. ஒரு தொழிலாளி இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், அவர் பேரில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிய சீட்டு வேண்டும். அதுதான் துண்டு. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகர முடியும். அதாவது கடனோடு ஆளும் கைமாறினார். 1921ல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். கங்காணி யாரையும் கயிறு கட்டி இழுத்துப் போகவில்லை. எல்லாரும் தாமாகத்தான் போனார்கள்.

மிச்சக் கதை உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கும். 1948ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மீதியைப் பிறகு பார்ப்பது என்று இரண்டு அரசுகளும் தீர்மானித்தன. என் அப்பாவைக் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இறங்கியபோது அவர் கையில் இருந்தது ஒரு தகரப் பெட்டியும் குடும்ப அட்டையும்தான். அந்த அட்டை இன்னும் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, துணி வைத்து ஒட்டியிருக்கிறது. 'தாயகம் திரும்பியோர்' என்பது அரசாங்கம் எங்களுக்கு வைத்த பெயர். தாயகத்தில் எங்களைச் 'சிலோன்காரன்' என்றார்கள்.

அப்பாவுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. இப்படித் திரும்பியவர்களுக்காக 1968ல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், பிறகு தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது டான்டீ ஆனது. அதில் பந்தலூர் பக்கம் அவருக்கு வேலை கிடைத்தது. எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. மறுவாழ்வுக் கடன் என்று கையில் வந்த காசைத் தரகர்களிடம் இழந்துவிட்டு, பிழைப்புத் தேடிக் கொடைக்கானல் மலைக்குப் போன குடும்பங்கள் உண்டு. அங்கே சீகை என்று நம்மவர்கள் சொல்லும் வாட்டில் மரத்தை வெட்டிப் பட்டை உரிக்கிற வேலை, தைலமரம் வெட்டுகிற வேலை. கான்ட்ராக்டர் முன்பணம் கொடுத்துக் காட்டுக்குள் கொண்டுபோய்விட்டார். குடிசைகூட மரப்பட்டையும் பிளாஸ்டிக் தாளும்தான். வருஷக்கணக்கில் கணக்குத் தீரவில்லை. 1980களில் இது வெளியே தெரிந்து, அவர்களைக் கொத்தடிமைகள் என்று அடையாளம் கண்டு விடுவித்தார்கள். குண்டுப்பட்டி போன்ற இடங்களில் குடியமர்த்தப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்றும் பழனி மலையில் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லக் காரணம், முன்பணம், தெரிந்த முகம், தூர தேசம், தீராத கணக்கு ஆகிய நான்கும் சேர்ந்தால் பூட்டே தேவையில்லை என்பதை எங்கள் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகப் பார்த்திருக்கின்றன. கூடலூர்ப் பகுதியில் வாழும் பணியர் என்ற பழங்குடி மக்களைக் கேட்டால் இன்னும் பழைய கதை சொல்வார்கள். வயநாட்டு வள்ளியூர்க்காவு திருவிழாவில் நிலக்கிழார்கள் அவர்களுக்குப் பணம் கொடுத்து, அடுத்த திருவிழா வரை ஒரு வருஷத்துக்கு ஆளைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். சாமி சாட்சி என்பதால் பணியர்கள் மீறமாட்டார்கள்.

சரி, இன்றைக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கூடலூர் வட்டத்தில் ஒரு சிறிய தோட்டத்து லயன், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு. பெயர் வேண்டாம். ஜார்கண்டிலிருந்து வந்த இளம் தம்பதி, ஒரு பெண் குழந்தை. அங்கன்வாடி ஊழியர் ஒருவர்தான் எங்களிடம் சொன்னார்: "அந்தப் பிள்ளை நாலு நாள் வருது, பத்து நாள் வரல, அம்மா எப்பப் பார்த்தாலும் அழுதுட்டே இருக்கு." எங்களோடு பணியாற்றிய அருட்சகோதரி ஒருவர் ராஞ்சிப் பக்கத்துக்காரர். அவர் அந்தப் பெண்ணிடம் ஹிந்தியில் பேசவில்லை, சாத்ரியில் பேசினார். சாத்ரி அங்கே பல ஆதிவாசி இனங்களுக்கும் பொதுவான பேச்சு. சொந்தப் பேச்சைக் கேட்டதும் அந்தப் பெண் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேஸ்திரியின் நோட்டை அப்புறம் பார்த்தோம். நாற்பது பக்க ஸ்கூல் நோட்டு. ரயில் 1,400. ஸ்வெட்டர் இரண்டு 700. கம்பளி 450. அரிசி, எண்ணெய், மருந்து. 'வேலைக்கு வராத நாள்' என்று ஒரு வரி, அதற்கு எதிரே 300 ரூபாய். காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி இல்லாததோடு, படுத்ததற்கு அபராதமும்! பத்து மாதம் இரண்டு பேரும் வேலை செய்து முடித்தபோது கடன் 23,000 ரூபாயாக வளர்ந்திருந்தது. அவளுடைய அம்மா இறந்த செய்தி போனில் வந்தது. ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது, "கணக்கை முடித்துவிட்டுப் போ" என்று பதில். இருவர் ஆதார் அட்டையும் மேஸ்திரியிடம். யாரும் அடிக்கவில்லை, கதவைப் பூட்டவில்லை. ராத்திரியில் நடந்து போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கே போவது? மொழி தெரியாது, பஸ் போர்டு படிக்கத் தெரியாது, மடியில் குழந்தை, காட்டில் யானை.

நாங்கள் கொடுத்த முதல் மனு திரும்பி வந்தது. "வேலி இல்லை, பூட்டு இல்லை, இதை எப்படிக் கொத்தடிமை என்கிறீர்கள்?" என்று ஓர் அதிகாரி கேட்டார். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. 1982லேயே உச்ச நீதிமன்றம், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்கிறார் என்றால், வேறு வழியில்லாத நெருக்கடிதான் அவரை அங்கே நிறுத்துகிறது, அதுவும் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான். வயிற்றுப் பசியும் ஒரு பூட்டுதான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது. இரண்டாவது மனுவில் அதை எழுதினோம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவையும் எழுதினோம். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது, கூலிக்காரருடையது இல்லை என்று அது சொல்கிறது. கோட்டாட்சியர் நேரில் வந்து விசாரித்தார். விடுதலைச் சான்றிதழ் கிடைத்தது. அந்த ஒரு தாளில் 23,000 ரூபாய்க் கடனும் செத்துப்போயிற்று. இதற்குப் பிறகு அந்தக் கடனுக்கென்று யாரும் பணம் வாங்கினாலே குற்றம்.

ஆக, எது புலம்பெயர்தல், எது மனித வணிகம்? ஐ.நா.வின் பலெர்மோ நெறிமுறை 2000ல் வந்தது, இந்தியா 2011ல் அதை ஏற்றது. அதன்படி மூன்றைப் பார்க்க வேண்டும். ஆளைச் சேர்த்தல், கொண்டுபோதல், ஒப்படைத்தல் மாதிரி ஒரு செயல். மிரட்டல், ஏமாற்று, ஆளின் நலிந்த நிலையைப் பயன்படுத்துதல் மாதிரி ஒரு வழி. உழைப்பையோ உடலையோ சுரண்டும் நோக்கம். ஏமாற்றி வாங்கிய சம்மதத்துக்கு மதிப்பில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் வழியைக்கூடப் பார்க்க வேண்டாம், செயலும் நோக்கமும் இருந்தாலே போதும். நம் நாட்டுச் சட்டத்தில் முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 370, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 143. குறைந்தது ஏழு ஆண்டு சிறை.

வடக்கிலிருந்து வருகிற எல்லாரும் கடத்தப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அவர்களுக்கு அவமானம், பொய்யும்கூட. கேத்தி பாலாடாவில் விடியற்காலையில் கேரட் கழுவும் இடத்தில் நின்று பாருங்கள். விறைக்கிற குளிரில், முழங்கால் வரை ஈரத்தில் நிற்கிற பையன்களில் பலர் அண்ணன் தம்பியாகச் சேர்ந்து வந்து, வாரக்கூலி வாங்கி, போனிலேயே வீட்டுக்குப் பணம் போட்டு, பரபு என்கிற ஊர்த் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊர் போய்த் திரும்பி வருகிறவர்கள். அவர்கள் நம் மரியாதைக்குரிய உழைப்பாளிகள். எனக்கு ஒன்றுதான் கேட்க வேண்டியிருக்கும்: "நாளைக்கே ஊருக்குப் போகணும்னா போக முடியுமா?" முடியும் என்று சட்டென்று பதில் வந்தால் நிம்மதி. பதில் சொல்லும் முன் அந்த ஆள் மேஸ்திரி இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தால், அங்கே நமக்கு வேலை இருக்கிறது.

திருச்சபைக்கு இதில் என்ன வேலை என்று கேட்டீர்கள். வேத வசனமாகச் சொல்வதென்றால் லேவியர் 19ஆம் அதிகாரம் போதும். உங்களிடம் தங்கும் அந்நியரை உங்களில் ஒருவராக நடத்துங்கள், எகிப்தில் நீங்களும் அந்நியர்களாய் இருந்தீர்களே என்கிறார் ஆண்டவர். அதே எகிப்துக்குக் கைக்குழந்தையோடு இரவில் ஓடிய குடும்பத்தைத்தான் நாம் டிசம்பரில் குடிலில் வைக்கிறோம். 1952ல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் புலம்பெயர்ந்தோர் குறித்து எழுதிய ஆவணம் நாசரேத்துக் குடும்பத்தின் அந்த ஓட்டத்தை வைத்துத்தான் தொடங்குகிறது. அதற்கும் முன்னால், 1887ல், பியாசென்சா ஆயர் ஸ்கலபிரினி, கப்பலேறி அமெரிக்கா போன இத்தாலிய ஏழைகளுக்காகவே ஒரு துறவற சபையைத் தொடங்கினார். 2022ல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் பதவியேற்றபின் ரோமுக்கு வெளியே போன முதல் பயணம் லாம்பெதூசா தீவுக்கு, 2013 ஜூலையில். கடலில் மூழ்கிச் செத்த அகதிகளுக்காக அழுவதற்குப் போனார். வரவேற்பது, பாதுகாப்பது, மேம்படுத்துவது, ஒருங்கிணைப்பது என்று நான்கு வினைச்சொற்களை அவர்தான் நமக்குக் கொடுத்தார். 1980ல் அருட்தந்தை அருப்பே தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணி, நம் தமிழ்நாட்டிலேயே இலங்கை அகதி முகாம்களில் பிள்ளைகளின் படிப்புக்காகப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது.

நீங்கள் மெழுகுவத்தி ஏற்றிய பிப்ரவரி 8 பற்றி யாராவது உங்களுக்கு விளக்கினார்களா? அது புனித ஜோசபின் பக்கித்தா இறந்த நாள். சூடானில் தார்ஃபூர் பகுதியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பிடித்துப்போய் அடிமையாக விற்றுவிட்டார்கள். கைமாறிக் கைமாறி, அடிபட்டு அடிபட்டு, அப்பா அம்மா வைத்த பெயரே அவருக்கு மறந்துபோயிற்று. பக்கித்தா என்றால் அரபியில் அதிர்ஷ்டசாலி. அடிமை பிடித்தவர்கள் வைத்த பெயர் அது. கடைசியில் ஓர் இத்தாலியக் குடும்பத்தின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வெனிசுக்கு வந்தார், அங்கே கனோசா கன்னியர் இல்லத்தில் தங்கினார். எஜமானியம்மா திரும்ப ஆப்பிரிக்காவுக்குக் கூப்பிட்டபோது, வரமாட்டேன் என்றார். வழக்கு நீதிமன்றம் போயிற்று. இத்தாலியில் அடிமை என்று யாரும் இல்லை, இவர் சுதந்திரமானவர் என்று 1889 நவம்பர் 29 அன்று தீர்ப்பு. அந்த வழக்கில் கன்னியர்கள் அவர் பக்கம் நின்றார்கள். 1947ல் அதே சபையின் சகோதரியாக இறந்தார், 2000ல் புனிதரானார். அவர் நினைவு நாளைத்தான் 2015லிருந்து இந்தச் செப நாளாக வைத்திருக்கிறார்கள். "வரமாட்டேன்" என்று ஒரு வீட்டுவேலைக்காரப் பெண் சொன்னதும், அவளுக்குப் பின்னால் நாலு பேர் நின்றதும்தான் அந்த மெழுகுவத்தியின் அர்த்தம்.

இந்த ஆவணங்களையெல்லாம் விட நான் மதிப்பது வேறொன்றை. திருச்சபைக்கு எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறது. கடத்துகிறவனுக்கு இரண்டு முனையிலும் ஆள் உண்டு, சேர்க்கிற இடத்தில் ஒருவன், இறக்குகிற இடத்தில் ஒருவன். போலீசுக்கு மாநில எல்லை, மொழி, கோப்பு எல்லாம் குறுக்கே நிற்கும். ஒரு கன்னியர் இல்லத்திலிருந்து இன்னொரு கன்னியர் இல்லத்துக்கு ஒரு போன் போதும். உலகத் துறவுச் சகோதரிகளின் தலைவியர் ஒன்றியம் 2009ல் தலித்தா கூம் என்ற வலைப்பின்னலைத் தொடங்கியது இதற்காகத்தான். மாற்கு நற்செய்தியில் செத்துக் கிடந்த சிறுமியின் கையைப் பிடித்து, எழுந்திரு என்று இயேசு அவருடைய அரமேய மொழியில் சொன்ன சொல் அது. இந்தியாவில் அம்ராட் என்ற பெயரில் நம் சகோதரிகள் அதில் இணைந்து வேலை செய்கிறார்கள்.

அது எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஜார்கண்டில் கும்லா மாவட்டத்தில் ஒரு பங்கிலிருந்து ஒரு தகவல் கைமாறி எங்களிடம் வந்தது. சித்தி முறையுள்ள ஒருத்தி ஒரு பெண் பிள்ளையைத் தமிழ்நாட்டுக்கு வேலைக்குக் கூட்டிப் போனாள், மூன்று மாதமாகப் பேச்சில்லை. கடைசி போனில் அந்தப் பிள்ளை சொன்னது: "ரொம்பக் குளிர், ஜன்னலுக்கு வெளியே தேயிலை, தினம் காலையில் கோயில் மணி கேட்கும்." அவ்வளவுதான் விலாசம். நீலகிரியில் காலையில் மணி அடிக்கிற கோயில்கள் எத்தனை! நாங்கள் பங்கு பங்காக, பங்குக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியம் அன்பியமாக விசாரித்தோம். வீட்டு வேலைக்கு வெளிமாநிலப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று பால்காரர், கேஸ் போடுகிறவர், கடைக்காரர் எல்லாரிடமும் கேட்டோம். கண்டுபிடித்தோம். ஆதாரில் பத்தொன்பது வயது. கும்லாவில் பங்குத்தந்தை திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துப் பதினைந்து என்றார். சட்டம் முதலில் கேட்பது பள்ளிச் சான்றை, அதையும் அங்குள்ள பங்குப் பள்ளியிலிருந்து அவரே வாங்கி அனுப்பினார். குழந்தைகள் நலக்குழு முன்னால் அந்தத் தாளை வைத்ததும் வேறு பேச்சு இல்லை.

அந்த வீடு யாருடையது தெரியுமா? ஞாயிறு திருப்பலிக்கு முன் வரிசையில் உட்காரும் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். "நாங்கள் சாப்பாடு போட்டோம், துணி எடுத்துக் கொடுத்தோம், எங்கள் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டோம்" என்று அழுதார்கள். அவர்கள் அழுகை நடிப்பில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் சம்பளத்தை அந்தச் 'சித்தி'யிடம் மொத்தமாகக் கொடுத்தார்கள், பிள்ளையின் போனை வாங்கி வைத்தார்கள், பள்ளிக்கு அனுப்பவில்லை. உங்கள் பிள்ளையை இப்படி நடத்துவீர்களா என்று நான் கேட்டபோது பதில் இல்லை. திருச்சபை ஊருக்குப் போதிப்பதற்கு முன்னால் தன் பெஞ்சுகளைப் பார்த்துப் பேச வேண்டும் என்று அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவருகிறேன். நம் தோட்டத்தில், நம் காட்டேஜில், நம் விடுதியில், நம் நிறுவனங்களின் சமையற்கட்டில் வேலை செய்கிறவர்களின் கணக்கு நோட்டை முதலில் பார்ப்போம்.

இது மதம் மாற்றுகிற வேலைதானே என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். கூடலூரில் நான் சொன்ன தம்பதி சர்னா வழிபாட்டுக்காரர்கள், சால் மரத்தடியில் கும்பிடுகிறவர்கள். அவர்களாகச் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அப்படியே கும்பிட்டுக்கொண்டுதான் ஊர் போனார்கள். இன்னொன்றும் சொல்லுங்கள். இன்றைய ஜார்கண்டில் இருக்கும் சோட்டா நாக்பூரில் 1885ல் வந்திறங்கிய பெல்ஜியத்து இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், அங்கே முண்டா ஆதிவாசிகளின் நிலத்தை ஜமீன்தார்கள் பறிப்பதையும், கூலியில்லாமல் வெட்டி வேலை வாங்குவதையும் பார்த்துச் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். அவர்களுக்காக நீதிமன்றம் ஏறினார். எட்டு ஆண்டுகளில் உடம்பு உடைந்து சொந்த நாட்டில் இறந்துபோனார். நிலத்துக்கும் கூலிக்கும் நிற்பது அவருக்கு மறைப்பணியோடு ஒட்டிய வேலையாகத்தான் இருந்தது. உதவிக்கு விலையாக ஒருவரின் சாமியைக் கேட்டால் அதுவும் ஒரு முன்பணம்தான் தம்பி. நம் குழுவில் யாரும் அதைச் செய்யக் கூடாது.

மலையிலிருந்து வெளியே போகிறவர்களை மறந்துவிடாதீர்கள். உங்கள் ஊரிலேயே பத்தாவது முடித்த பெண் பிள்ளைகளை கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து மில்களுக்குக் கூட்டிப் போகும் ஆட்கள் வருவார்கள். சுமங்கலித் திட்டம் என்று முன்பு சொன்னார்கள். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை. இரண்டரை வருஷத்தில் உடம்பு முடியாமல் வந்துவிட்டால் பல இடங்களில் அந்தத் தொகை கிடையாது. பெயர் மாறியிருக்கிறது, கேம்ப் கூலி என்கிறார்கள். மாதாமாதம் முழுச் சம்பளமும் பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்கில் வருகிறதா, ஞாயிறு வெளியே போக விடுகிறார்களா, போன் பிள்ளையின் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். படித்த பையன்களுக்கோ வேறு வலை. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று விமானம் ஏற்றி, மியான்மர் எல்லைக்குள் கொண்டுபோய் இணைய மோசடி செய்ய வைக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பையன்களே அங்கிருந்து மீட்கப்பட்டு வந்திருக்கிறார்கள். வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் விஷயத்தில், குடியகல்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால் முப்பது வயதுக்குக் கீழே அனுப்பவே கூடாது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் இணையத்தளத்தில் உரிம எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு மேல் கேட்கக் கூடாது. 'விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று ஒருவன் சொன்னால் அந்தப் பேச்சோடு அவனை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் குழு என்ன செய்யலாம்.

முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன். நீங்களாகக் கூட்டமாகப் போய் யாரையும் மீட்காதீர்கள். போட்டோ, வீடியோ எடுத்துப் பரப்பாதீர்கள். நாம் வந்துபோன இரவே ஆட்களை வண்டியில் ஏற்றி வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கே ஒரு முறை நடந்தது. ஆர்வத்தில் ஒரு நாள் முந்திக்கொண்டு பேசப் போனேன். மறுநாள் காலை அதிகாரிகளோடு போனபோது லயனில் அணைந்த அடுப்பும் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பும்தான் இருந்தன. அவர்கள் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

செய்ய வேண்டியது மெதுவான வேலை. உங்கள் பங்கு எல்லைக்குள் எந்தெந்தத் தோட்டத்தில், காய்கறி நிலத்தில், கட்டட வேலையில் வெளிமாநிலக் குடும்பங்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்கத் துணை போங்கள். பள்ளியில் ஒரு பெயர் ஏறிவிட்டால் அந்தக் குடும்பம் காணாமல் போனால் கேட்க ஒரு டீச்சர் இருப்பார். அவர்களுடைய ஊர் ரேஷன் அட்டையை வைத்து இங்கேயே அரிசி வாங்க முடியும், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில். இது பலருக்குத் தெரியாது. கடைக்கு ஒருமுறை கூடப் போய் வாங்கிக் கொடுங்கள். மேஸ்திரியிடம் அரிசிக் கடன் வைக்கிற தேவை அதனாலேயே பாதி குறையும். சந்தேகம் வலுத்தால் பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112, இலவசச் சட்ட உதவிக்கு 15100. கொத்தடிமை என்று தோன்றினால் மனு கோட்டாட்சியருக்குப் போக வேண்டும். உங்கள் கோத்தகிரி வட்டம் குன்னூர்க் கோட்டத்தில் வருகிறது. விடுதலைச் சான்றிதழ் வாங்காமல் யாரையும் ரயில் ஏற்றிவிடாதீர்கள், இது மிக முக்கியம். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், பிறகு மறுவாழ்வுத் தொகையாக ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், கடத்தப்பட்டுக் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு மூன்று லட்சம் வரையும் கிடைக்க வழி இருக்கிறது. அந்தத் தாள் இல்லாமல் வெறுங்கையோடு ஊர் திரும்புகிறவரை அடுத்த மாதமே அதே ஏஜென்ட் வேறு ஊருக்குக் கூட்டிப் போய்விடுவான்.

அப்புறம், 'வடக்கன்' என்ற சொல் உங்கள் குழுவில் யார் வாயிலிருந்தும் வர வேண்டாம். என் அப்பா சாகும்வரை 'சிலோன்காரன்' என்ற சொல்லுக்குத் திரும்பிப் பார்த்ததே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்புவார்.

அடுத்த பிப்ரவரி 8க்கும் மெழுகுவத்தி ஏற்றுங்கள். அதற்கு முந்தைய மாதமே சாத்ரியோ ஹிந்தியோ தெரிந்த ஒரு சகோதரியைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள், ஊட்டி மறைமாவட்டக் கன்னியர் இல்லங்களில் கேட்டால் வடக்கிலிருந்து வந்த ஒருவராவது இருப்பார். அவரை ஞாயிறு காலைக்குக் கூப்பிடாதீர்கள். அந்த மக்களுக்கு ஓய்வும் துணி துவைப்பதும் சந்தையும் அந்த ஒரு நாளில்தான். சம்பளம் போடும் நாள் மாலையில், சந்தைக் கடைகளுக்குப் பக்கத்தில், டீயோடு நில்லுங்கள். அவர்கள் பேச வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். மூன்றாவது, நான்காவது வாரம் யாராவது ஒருவர் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒரு போன் போட்டுத் தர முடியுமா என்று கேட்பார். போட்டுக் கொடுங்கள்.